பொதுவேலைக்குக் கூலி தருவது யார்?

ஒரு வேலையினால் ஊருக்கு விளையும் நன்மை பெரிதாயின், அதைச் செய்வோர் பெறும் ஊதியமும் பெரிதாயிருத்தல் வேண்டும் என்று எண்ணுவது இயல்பு. உலக நடைமுறையோ இதற்கு மாறாக இருக்கின்றது. ஏரி மதகைக் காத்து, ஆயக்கட்டு முழுவதற்கும் முறைவைத்துத் தண்ணீர் விடும் நீர்க்கட்டியையும், ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றித் தறிக்குக் கொடுக்கும் மூதாட்டியையும், அங்கன்வாடியில் ஊர்க் குழந்தைகளைப் பேணும் பணியாளரையும் எண்ணிப் பாருங்கள். இவர்கள் ஒரு வாரம் கைவிட்டால் வயல் காயும், தறி நிற்கும், தாய்மார் வேலைக்குப் போக இயலாது. ஆயினும் கூலிப் பட்டியலில் இவர்களுடைய இடம் கடைசி வரியில்தான் இருக்கின்றது. சில இடங்களில் பட்டியலிலேயே இல்லை.

இதற்குக் காரணம் மக்களின் நன்றியின்மை என்று மேடைகளில் பேசுவதுண்டு. அவ்விளக்கம் போதாது என்பது என் கருத்து. நன்றியுள்ள ஊரிலும் நீர்க்கட்டிக்கு நெல் பாக்கி நிற்கின்றது. நல்ல மனமுடைய நெசவாளர் வீட்டிலும் தார் சுற்றும் கைக்குத் தனிக் கூலி இல்லை. குறை மனத்தில் இருப்பதைவிட ஏற்பாட்டில் இருக்கின்றது. ஏற்பாட்டில் உள்ள குறையை ஏற்பாட்டினால்தான் நீக்க முடியும். அதற்கென்றே தோன்றியது கூட்டுறவு. ஆகவே இப்பொருளை நம் சங்கங்களின் அங்கத்தினர்கள் சற்று ஆழ்ந்து ஆராய வேண்டுகின்றேன்.

பயனும் விலையும்

பொருளாதார நூலோர் இச்சிக்கலை நெடுங்காலமாக அறிவர். 1776-ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில் ஆடம் ஸ்மித் தண்ணீரையும் வைரத்தையும் ஒப்பிட்டுக் காட்டினார். தண்ணீரின்றி உயிர் இல்லை. அதற்குச் சந்தையில் விலை கிட்டாது. வைரத்தினால் ஆகும் பயன் சிறிது. அதன் விலையோ பெரிது. ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழித்து, 1870-களில், பின்வந்த அறிஞர்கள் இதற்கு விடை கூறினர். ஒரு பொருளின் மொத்தப் பயன் அதன் விலையை நிர்ணயிப்பதில்லை. இன்னும் ஒரு சிறு அளவு கூடுதலாகக் கிடைத்தால் அதனால் விளையும் பயனே விலையை நிர்ணயிக்கின்றது. எங்கும் கிடைப்பது மலிவாகின்றது. அரிதாகக் கிடைப்பது விலையேறுகின்றது.

கூலியும் ஓரளவு இவ்விதிக்கு உட்பட்டதே. ஒரு வேலையைச் செய்யப் பலர் காத்திருந்தால் கூலி தாழும். சிலரே இருந்தால் உயரும். ஆயின் இவ்விளக்கம் பாதி உண்மையே. இன்று கிராமத்தில் நீர்க்கட்டி வேலைக்கு ஆள் கிடைப்பது அரிது. பாவு தோய்வதற்கும் பிணைப்பதற்கும் கைதேர்ந்தவர்கள் குறைந்து வருகின்றனர். சந்தையின் விதிப்படி இவர்களுடைய கூலி ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லையே! கூலி உயர்வதற்குப் பதிலாக வேலையே மறைந்து போகின்றது. இதன் காரணத்தை அறிய ஏரிக்கரைக்குச் செல்ல வேண்டும்.

மதகடியில் ஒரு பாடம்

தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரிகள் உள்ளன. பல ஊர்களில் அவற்றின் தண்ணீரைப் பங்கிடும் பொறுப்பு நீர்க்கட்டியுடையது. நீர்பாய்ச்சி என்றும் மடையன் என்றும் அவருக்கு வேறு பெயர்களும் உண்டு. மதகைத் திறப்பதும் மூடுவதும், வாய்க்காலைச் சுற்றி வருவதும், தண்ணீர் குறைந்த ஆண்டில் எந்த வயலுக்கு எத்தனை நாழிகை என்று முறை வைப்பதும், மழை மிகுந்த இரவில் கரையின் மீது காவல் இருப்பதும் அவர் கடமை. இதற்கு அவர் மாதச் சம்பளம் பெற்றவரல்லர். அறுவடையின்போது ஆயக்கட்டுக்காரர் ஒவ்வொருவரும் நிலத்தின் அளவுக்கேற்ப நெல் கொடுப்பது வழக்கம்.

இதில் உள்ள இடர்ப்பாட்டைக் கவனியுங்கள். நெல் கொடாதவரின் வயலுக்கு மட்டும் தண்ணீரை நிறுத்துவது எளிதன்று. ஒரே வாய்க்கால் பத்துப் பேருடைய வயல்களின் வழியே ஓடுகின்றது. கரை உடையாமல் காத்தால் அது கொடுத்தவருக்கும் கொடாதவருக்கும் சேர்த்தே காப்பு. ஆகவே ஒவ்வொருவரும், "நான் ஒருவன் கொடாவிட்டால் என்ன குறைந்துவிடும்? மற்றவர் கொடுப்பர்" என்று எண்ண இடம் ஏற்படுகின்றது. ஊரார் ஒவ்வொருவரும் இரவில் ஒரு குடம் பால் ஊற்றிக் குளத்தை நிரப்ப வேண்டும் என்று அரசன் ஆணையிட, ஒவ்வொருவரும் தாம் மட்டும் தண்ணீரை ஊற்றிவிட்டு வந்த கதை நாம் அறிந்ததே. விடிந்தபோது குளம் முழுவதும் தண்ணீர்தான் நின்றது. அவ்வூரார் தீயவர் என்று கதை சொல்லவில்லை. தனித்தனியே கணக்குப் பார்த்தனர், அவ்வளவுதான்.

இரண்டாவது இடர்ப்பாடும் ஒன்றுண்டு. நன்றாகச் செய்யப்பட்ட பொதுவேலை கண்ணுக்குத் தெரிவதில்லை. உடைந்த கரையைப் பார்க்க ஊர் திரளும், அதிகாரிகள் வருவர், பத்திரிகையில் படம் வரும். உடையாத கரையைக் காண யாரும் செல்வதில்லை. நீர்க்கட்டி எவ்வளவு திறமையாக வேலை செய்கின்றாரோ அவ்வளவுக்கு, "இதில் என்ன வேலை இருக்கின்றது?" என்னும் கேள்வி எழுகின்றது.

விளைவு என்ன? நெல் பாக்கி நிற்கின்றது. நீர்க்கட்டியின் மகன் கட்டட வேலைக்கோ ஆலைக்கோ போய்விடுகின்றான். முறை தவறுகின்றது. தலைமடைக்காரர் தேவைக்கு மேல் பாய்ச்ச, கடைமடை காய்கின்றது. பின்னர் வசதியுள்ளவர் ஒவ்வொருவராக ஆழ்துளைக் கிணறு தோண்டுகின்றனர். ஏரியைக் காக்கப் போகம் ஒன்றுக்குச் சில மரக்கால் நெல் கொடுக்கத் தயங்கியவர், கடன் வாங்கிக் குழாய் இறக்குகின்றார். கிணறு தோண்ட இயலாத சிறு விவசாயி நிலத்தைத் தரிசாக விடுகின்றார். பொதுவேலைக்குக் கூலி கொடாமல் மிச்சப்படுத்தியது உண்மையில் மிச்சமன்று. அது வேறொரு கணக்கில், பன்மடங்காக, எளியவர் தலையில் பற்று எழுதப்படுகின்றது.

களத்தில் முதலில் எடுத்த பங்கு

நம் முன்னோர் இச்சிக்கலை அறியாதவரல்லர். பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) ஏரி வாரியம் என்னும் குழுவைப் பற்றிக் கூறுகின்றன. ஏரியைப் பேணுவதற்கென ஏரிப்பட்டி என்னும் நிலம் ஒதுக்கப்பட்டதும் கல்வெட்டுகளால் தெரிகின்றது. அந்நிலத்தின் வருவாய் ஏரிக்கே உரியது. பிற்காலத்தில் களத்து மேரை என்னும் வழக்கம் நிலவியது. 1767 முதல் 1774 வரை செங்கற்பட்டுச் சீமையில் பார்னார்டு என்பவர் எடுத்த கிராமக் கணக்குகளில், விளைச்சலிலிருந்து நீர்ப்பாசனத்துக்கும் ஊர்ப் பணியாளர்க்கும் கோயிலுக்கும் எடுத்து வைக்கப்பட்ட பங்குகள் விரிவாகக் காணப்படுகின்றன.

இவ்வழக்கத்தில் நாம் கற்க வேண்டியது ஒன்றுண்டு. அம்பாரத்தைப் பங்கு பிரித்த பின் ஒவ்வொருவர் வீட்டு வாயிலிலும் நின்று பொதுவேலைக்காரர் கேட்கும்படி விடப்படவில்லை. நெல் பொதுவாகக் களத்தில் கிடக்கும்போதே அவருடைய பங்கு அளக்கப்பட்டது. வீட்டுக்குப் போன நெல் என்னுடையது. அதிலிருந்து கொடுப்பது தருமமாகத் தோன்றும். களத்தில் கிடக்கும் நெல் நம்முடையது. அதிலிருந்து அளப்பது கடமையாகத் தோன்றும். கூலி ஒன்றே, அதை எடுக்கும் இடம் மாறினால் அதன் மதிப்பும் மாறிவிடுகின்றது.

பழமையைப் புகழ்வதற்காக இதனைக் கூறவில்லை. அவ்வேற்பாட்டில் வேலை பிறப்பினால் விதிக்கப்பட்டது. நீர்க்கட்டிகளுள் பலர் தாழ்த்தப்பட்ட வகுப்பினர்; ஏரியைக் காத்த அவர்களுக்கு ஆயக்கட்டில் நிலம் இருந்தது அரிது. பேசிக் கூலி கேட்கும் உரிமையும் அவர்களுக்கு இல்லை. ஆங்கிலேயர் ஆட்சியில் நிலவரி நிர்வாகம் மாறியபோது ஊர்ப் பொதுச்செலவுக்கான ஒதுக்கீடுகள் சுருங்கின. பின்னர் 1858-ஆம் ஆண்டில், வெள்ளக் காலத்தில் கரைகளைக் காக்க ஊராரைக் கட்டாயமாக வேலை வாங்கச் சென்னை மாகாணத்தில் சட்டமே இயற்றினர். ஒதுக்கீடு போன இடத்தில் கட்டாயம் வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். பிறப்பின் கட்டும் வேண்டா. சட்டத்தின் கட்டாயமும் வேண்டா. களத்தில் முதலில் அளக்கும் முறையை மட்டும் நாம் எடுத்துக் கொள்ளலாம்.

தொண்டு என்னும் பெயர்

பொதுவேலைக்குக் கூலி குறைவதற்கு மற்றொரு காரணம் அதற்கு நாம் சூட்டும் பெயர். அங்கன்வாடித் திட்டம் 1975-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் தொடங்கப்பட்டது. குழந்தைக்கு உணவளித்தல், எடை பார்த்தல், கருவுற்ற தாய்மாரைக் கவனித்தல், பதிவேடுகள் எழுதுதல் ஆகிய இத்தனையும் செய்யும் பணியாளருக்கு மத்திய அரசு கொடுப்பதன் பெயர் சம்பளமன்று, மதிப்பூதியம். 2018 அக்டோபரில் அத்தொகையை மாதம் 3,000 ரூபாயிலிருந்து 4,500 ரூபாயாகவும், உதவியாளருக்கு 1,500 ரூபாயிலிருந்து 2,250 ரூபாயாகவும் உயர்த்தினர். மாநிலங்கள் தம் பங்காக மேலும் தொகை சேர்ப்பதுண்டு. இவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்பதை 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பாகச் சொல்ல வேண்டியிருந்தது. திட்டம் தொடங்கி நாற்பத்தாறு ஆண்டுகளுக்குப் பின்!

2005-இல் தொடங்கிய ஊரகச் சுகாதார இயக்கத்தின் ஆஷா பணியாளர்களையும் காண்போம். 2022 மே மாதத்தில் உலகச் சுகாதார நிறுவனம் இவர்களுக்கு விருது வழங்கிச் சிறப்பித்தது. அவ்விருது தகுதியானதே. ஆனால் இவர்களும் தன்னார்வத் தொண்டர் என்று பெயரிடப்பட்டு, நிலையான சம்பளத்துக்குப் பதிலாகப் பெரும்பாலும் செய்த வேலைக்கேற்ற ஊக்கத்தொகை பெறுபவர்கள். பாராட்டு உலைக்கு அரிசியாகாது.

தொண்டு என்று சொல்லிவிட்டால் கூலி கேட்பவர் பேராசைக்காரர் போல் தோன்றுகின்றார். அவர் வேலையை நிறுத்தவும் மாட்டார். அழும் குழந்தையை விட்டுவிட்டுப் பேச்சுவார்த்தைக்குப் போக யாருக்கு மனம் வரும்? மனச்சாட்சி உள்ளவருக்குப் பேரம் பேசும் வலிமை குறைவு. அக்குறைவைப் பயன்படுத்திக் கொள்ளும் நிறுவனம், அரசாயினும் சங்கமாயினும், நல்லவரின் நன்மைக்கே அபராதம் விதிக்கின்றது.

இவ்வேலைகளுள் பல பெண்கள் வீட்டில் ஊதியமின்றிச் செய்யும் வேலையின் தொடர்ச்சியாகவும் இருக்கின்றன. 2019-இல் நாடெங்கும் நடந்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமற்ற வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிடமும், ஆண்கள் 97 நிமிடமும் செலவிடுகின்றனர். வீட்டில் விலையின்றிக் கிடைப்பதற்கு வெளியில் விலை கொடுக்க மனம் ஒப்புவதில்லை.

நம் தறி வீட்டுக் கணக்கு

அரசாங்கத்தைக் குறை கூறுவது எளிது. நம் சங்கங்களின் கணக்கையும் பார்க்க வேண்டும். நெசவு என்றதும் தறியில் அமர்பவரே நினைவுக்கு வருகின்றார். நாடா ஒரு முறை ஓடுவதற்கு முன் நூல் இழைத்தல், பாவு ஓட்டுதல், பாவு தோய்தல், பிணைத்தல், தார் சுற்றுதல் என்று எத்தனை கைகள் உழைக்கின்றன! 2019-20-ஆம் ஆண்டின் நான்காவது கைத்தறிக் கணக்கெடுப்பு, நாடெங்கும் 26.7 இலட்சம் நெசவாளரையும், துணைத்தொழில் செய்வோராக 8.5 இலட்சம் பேரையும் எண்ணிக் காட்டியது. நெசவாளர் குடும்பங்களில் மூன்றில் இரண்டு பங்கு மாதம் 5,000 ரூபாய்க்கும் குறைவாகவே ஈட்டுகின்றன என்றும் அதில் கண்டனர். தறிக்காரர் நிலையே இதுவாயின், அவருக்குத் தார் சுற்றுவோர் நிலையைச் சொல்ல வேண்டுமா?

பொதுவாக, சேலை ஒன்றுக்கு இவ்வளவு என்று சங்கம் கூலி வழங்குகின்றது. முன்வேலைகளில் வீட்டார் செய்பவை அக்கூலிக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. பற்றுச்சீட்டில் ஒரு பெயர்தான் இருக்கும். வீட்டுப் பெண்கள் இருவர் நாள் முழுவதும் உழைத்திருந்தாலும், அங்கத்தினர் என்ற முறையில் வரும் நலன்கள் பெரும்பாலும் தறியில் அமர்பவர் பெயருக்கே சேர்கின்றன. கணக்கில் பெயர் இல்லாத உழைப்புக்குக் கூலி உயர்வு கேட்க இயலாது. எதை உயர்த்துவது?

நிர்வாகச் செலவிலும் இந்நிலையே. மாதச் சம்பளம் பெறும் ஆய்வாளனாகிய நான் இதனைக் கூறுவது எளிது என்று சிலர் எண்ணக்கூடும். ஆயினும் கணக்கேடுகள் காட்டுவதைக் கூறித்தான் ஆக வேண்டும். விழாச் செலவும் அச்சுச் செலவும் பேரவையில் ஒரு நொடியில் நிறைவேறுகின்றன. கிடங்குக் காவலருக்குச் சில நூறு ரூபாய் கூட்ட வேண்டும் என்றால் ஒரு மணி நேரம் விவாதம் நடக்கின்றது.

தடைகள் மூன்று

இவ்விடத்தில் மூன்று தடைகள் எழுப்பப்படும். வருவாய் போதாது என்பது முதலாவது. இது மெய்யான தடையே, மறைத்துப் பயனில்லை. தார் சுற்றுவோர்க்குக் கூலி கூடினால் சேலையின் அடக்கவிலை கூடும். விசைத்தறித் துணியோடு போட்டியிடும் நமக்கு அது பாரம். பொதுவேலையின் கூலி வானத்திலிருந்து விழுவதில்லை. ஒருவர் பங்கிலிருந்துதான் வர வேண்டும். ஆயின் இப்போதும் அது ஒருவர் பங்கிலிருந்தே வருகின்றது. அவர் யார் என்பதுதான் கேள்வி. இன்று, எல்லாரிலும் குறைவாகப் பெறுபவரே மற்ற எல்லாருக்கும் மானியம் வழங்கிக் கொண்டிருக்கின்றார்.

கூலி கூடினால் தொண்டுள்ளம் குன்றும் என்பது இரண்டாவது. ஆசிரியரும் மருத்துவரும் சம்பளம் பெற்றும் தொண்டுள்ளத்தோடு இருக்கக் காண்கின்றோம். வறுமை தொண்டுக்கு உரமாகும் என்பது, வறுமையை அறியாதவர் கூற்று.

அரசாங்கம் பார்த்துக் கொள்ளட்டும் என்பது மூன்றாவது. குடிமராமத்து என்னும் பெயரில் 2017-இல் அரசாங்கம் ஏரிப் பணிகளை மீண்டும் தொடங்கியது. தூர் எடுக்கவும் மதகு கட்டவும் பணம் வந்தது. கட்டுவதற்குப் பணம் கிடைக்கும். கட்டியதை நாள்தோறும் காப்பவர்க்குப் பணம் கிடைப்பது அரிது. திறப்பு விழா மதகுக்கு உண்டு; மதகைத் திறப்பவர்க்கு இல்லை. அன்றாடக் காவல் உள்ளூரார் கையில் இருக்க வேண்டிய காரியம்.

செய்யத்தக்கவை

1844-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ராக்டேல் நகரில் கூட்டுறவுக் கடை கண்ட முன்னோடிகளுள் நெசவாளர் பலர் இருந்தனர். வறுமையின் இடையே தோன்றிய அச்சங்கம், 1850-களிலேயே, மிகுதியில் நூற்றுக்கு இரண்டரை பங்கைக் கல்விக்கென ஒதுக்கியது. கல்வியினால் வரும் நன்மையை ஒருவர் மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. ஆகவே தனித்தனியே யாரும் அதற்குப் பணம் கொடார் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். பிரித்துக் கொடுப்பதற்கு முன்னரே எடுத்து வைத்தனர். நம் சட்டத்திலும் இலாபத்திலிருந்து சேம நிதி, கூட்டுறவுக் கல்வி நிதி முதலியவற்றை முதலில் ஒதுக்கும் முறை இருக்கின்றது. களத்து மேரையின் கருத்தும் இதுவே. இதனைச் சற்று விரிவாக்க வேண்டும்.

முதலாவதாக, நம் தொழில் நடைபெற இன்றியமையாதனவாயிருந்தும் கூலி இல்லாமலோ குறைந்த கூலிக்கோ செய்யப்படும் வேலைகள் யாவை, செய்பவர் யார் என்னும் பட்டியல் ஒன்றை ஒவ்வொரு சங்கமும் ஆண்டறிக்கையோடு பேரவை முன் வைக்க வேண்டும். பெயர் எழுதப்படாதவர்க்குப் பங்கு அளக்க முடியாது.

இரண்டாவதாக, நெசவாளர் சங்கங்கள் முன்வேலைக் கூலியை நெசவுக் கூலியிலிருந்து பிரித்துத் தனி இனமாகக் கணக்கில் காட்டி, வேலை செய்தவர் பெயரிலுள்ள சேமிப்புக் கணக்கிலேயே செலுத்துதல் நன்று. தகுதியுள்ளோரை அங்கத்தினராகவும் சேர்க்க வேண்டும். தொகை முதலில் சிறிதாயிருப்பினும் பெயர் ஏறிவிட்டால் உரிமையும் ஏறும்.

மூன்றாவதாக, ஏரிப் பாசனம் உள்ள ஊர்களில் வேளாண்மைச் சங்கமும் பாசனம் பெறுவோர் சங்கமும் கலந்து, நீர்க்கட்டிக்கு ஏக்கர் வீதம் ஒரு தொகையைத் தீர்மானிக்கலாம். உறுப்பினரின் எழுத்துச் சம்மதத்தோடு, விளைபொருள் விற்ற பணம் வீட்டுக்குப் போகும் முன்பே அதைப் பிடித்தம் செய்யலாம். ஆயக்கட்டு 150 ஏக்கர் என்று வைத்துக் கொள்வோம். ஏக்கருக்குப் போகம் ஒன்றுக்கு 300 ரூபாய், அதாவது ஏறக்குறைய ஒரு மூட்டை யூரியாவின் விலை, கொடுத்தால் 45,000 ரூபாய் சேரும். நான்கு மாதப் போகத்துக்கு மாதம் 11,250 ரூபாய் ஒருவருக்குக் கொடுக்கலாம். அவ்வேலையில் எவ்வகுப்பினரும் அமரலாம். தண்ணீர்ப் பங்கீட்டில் அவர் சொல்லுக்கு ஊர் கட்டுப்பட வேண்டும்.

இவற்றை நிறைவேற்ற ஒவ்வோர் அங்கத்தினரும் தம் பங்கில் ஒரு சிறு பகுதியை விட்டுக் கொடுக்க நேரும் என்பதை மறைக்கவில்லை. ஆனால் விலை கொடாத எதுவும் நெடுநாள் நிலைப்பதில்லை. பாவு தோயத் தெரிந்த கடைசிக் கை ஓய்ந்த பின், அல்லது மதகடியில் நின்றவரின் மகன் நகரத்துக்குப் போன பின், எவ்வளவு கூலி கொடுத்தாலும் அந்த அறிவைத் திரும்பப் பெற இயலாது. வரும் பேரவைக் கூட்டத்தில் இலாபப் பங்கீடு பற்றிய பொருள் எடுக்கப்படும்போது, "பிரிப்பதற்கு முன் யாருக்கு அளந்தோம்?" என்று ஓர் அங்கத்தினராவது எழுந்து கேட்க வேண்டும். அக்கேள்விக்கு நிர்வாகக் குழுவினர் கணக்கோடு விடை சொல்லும் நிலையில் இருக்க வேண்டும்.